குதிரைக்கு ஆறு வார ஓய்வு, மொரீஷியஸிலிருந்து ஒரு விலை: டர்பன் பார்ட்னர்ஷிப்காரர்கள் என்ன செய்வது?

கேள்வி: அண்ணா, நாங்கள் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். நான், தங்கை வீட்டுக்காரர், இரண்டு மாமாக்கள், ஆக நாலு பேர் சேர்ந்து போன வருஷம் ஒரு ரேஸ் குதிரை பார்ட்னர்ஷிப்பில் 10 சதவீத ஷேர் எடுத்தோம். காயடித்த ஆண் குதிரை, சம்மர்வெல்டில் டிரெய்னிங். ஒரு ரேஸ் ஜெயித்தான், இரண்டு தடவை மூன்றாவதாக வந்தான். ஜூலை கடைசியில் கிரேவில்லில் 1400 மீட்டரில் ஒன்பதாவது. இப்போது மேனேஜர் அனுப்பிய செய்தி இது: “ஓடி முடித்ததும் மூக்கு வழியே ஸ்கோப் (கேமராக் குழாய்) விட்டுப் பார்த்ததில் மூச்சுக்குழாயில் சளி. ரத்தப் பரிசோதனையும் சரியில்லை. கால்கள் சுத்தம். ஆறு வாரம் பண்ணைக்கு அனுப்புகிறோம், ஊசியும் அந்தச் சமயத்தில் போட்டுவிடலாம். ரேட்டிங் 78இலிருந்து 74. திரும்பி வந்ததும் 1600, அதற்கு மேல். மொரீஷியஸிலிருந்து ஒருவர் விலை கேட்டிருக்கிறார், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.” பெரிய மாமா இது ஏமாற்று வேலை, ஷேரைக் கொடுத்துவிட்டு வெளியே வா என்கிறார். என்ன செய்வது?

பதில்:

தம்பி, பெரிய மாமாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய செய்தியைப் படித்ததும் எனக்கு அந்த மேனேஜர் மேல் மரியாதைதான் வந்தது. குதிரை ஏன் தோற்றது என்கிறார், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்கிறார், அடுத்தது என்ன, எத்தனை வாரம், எந்தத் தூரம் என்பதையும் சொல்கிறார். விலை வந்ததை மறைக்கவில்லை. இங்கே பல பார்ட்னர்ஷிப்புகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன் நான். மாதா மாதம் இப்படிப்பட்ட கடிதங்கள் என் மேஜைக்கு வரும். ஜெயித்த வாரம் எல்லா மேனேஜரும் அழகாகத்தான் எழுதுவார்கள். ஆளின் தரம் தெரிவது தோற்ற வாரத்தில்தான்.

எனக்குத் தெரிந்த இன்னொரு கூட்டத்தில், மாதத்துக்கு மாதம் “பையன் ஜோராக இருக்கிறான், நம்பிக்கையோடு இருங்கள்” என்றே செய்தி வந்துகொண்டிருந்தது. ரேஸ் கார்டில் மட்டும் பெயர் வரவில்லை. முன்னங்கால் தசைநாண் வீங்கி, கட்டுப் போட்டு நிற்கிறான் என்பது ஷேர்காரர்களுக்குத் தெரியவந்தது, அவர்களில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை லாயத்துக்குத் தானாகப் போய்ப் பார்த்தபோது. அதுதான் மாமா பயப்பட வேண்டிய வகை. உங்களுக்கு வந்திருப்பது அப்படியில்லை.

இனி செய்தியை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சளி என்றதும், மனிதர்களுக்கு வரும் சளி மாதிரி சின்ன விஷயம், சாக்குச் சொல்கிறார்கள் என்று தோன்றும். குதிரை விஷயத்தில் அது சின்னதல்ல. குதிரைக்கு மூக்கு வழியாக மட்டும்தான் மூச்சு, வாயால் இழுக்க முடியாது. அதோடு, முழு வேகத்தில் ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று இரண்டும் பூட்டிக்கொண்டுதான் போகும். கால்கள் முன்னால் நீளும்போது காற்று உள்ளே போகும், உடம்பு சுருங்கும்போது வெளியே வரும். ஒரு பாய்ச்சல் ஏறக்குறைய 7 மீட்டர். அப்படியானால் 1400 மீட்டருக்கு 200 பாய்ச்சல், 200 மூச்சு, எல்லாம் ஒன்றரை நிமிஷத்துக்குள். நின்றிருக்கும்போது நிமிஷத்துக்கு 30, 40 துடிக்கிற இதயம் அப்போது 200க்கு மேல் துடிக்கும். அந்த நிலையில் மூச்சுக்குழாயில் கொஞ்சம் சளி இருந்தால் போதும், கடைசி 300 மீட்டரில் கால் ஓடவே ஓடாது. உங்கள் குதிரை ஓடிய ரேஸின் பதிவைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். திருப்பம் முடிந்து நேர்ப்பாதைக்கு வரும்வரை கூட்டத்தோடு இருந்து, ஜாக்கி கேட்டதும் பதில் கொடுக்க முடியாமல் மெதுவாகப் பின்னால் போனானா? அப்படியென்றால் ஸ்கோப் சொன்னதும் கண்ணில் தெரிவதும் ஒத்துப்போகின்றன. ஆரம்பத்திலேயே பின்தங்கி, எந்த இடத்திலும் ஆர்வம் காட்டாமல் ஓடியிருந்தால் வேறு கேள்விகளும் கேட்க வேண்டும்.

சளி ஏன் வந்தது என்பதும் முக்கியம். பெரும்பாலும் தூசு, இல்லையென்றால் தொற்று. நாளெல்லாம் லாயத்தில் அடைபட்டு நிற்கிற குதிரை, காய்ந்த டெஃப் புல்லிலிருந்து வரும் தூசையும் பூஞ்சையையும் இழுத்துக்கொண்டே இருக்கும். நம் கடற்கரைப் பக்கத்து ஈரக் காற்றுக்குப் புல் கட்டு சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் கவனமான லாயங்களில் புல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்துப் போடுகிறார்கள், தலைக்கு மேலே வலையில் கட்டாமல் தரையில் வைக்கிறார்கள். தலையைத் தாழ்த்தித் தின்னும்போது சளி தானாகவே வடிந்துவிடும். பண்ணையில் ஆறு வாரம் பச்சைப் புல்லை மேய்வதில் பாதி வைத்தியம் இதுதான். ரத்தப் பரிசோதனையும் சரியில்லை என்கிறார்களே, அது பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் கூடியோ குறைந்தோ இருப்பது, உடம்பு எதையோ எதிர்த்துப் போராடுகிறது என்பதற்கு அடையாளம். அந்த நிலையில் மறுபடி ஓடவிட்டால் ஒரு மாதத்தில் தீர வேண்டியது ஒரு வருஷம் இழுக்கும். இரண்டு வாரத்தில் இன்னொரு ரேஸ் போடலாம் என்று மேனேஜர் எழுதியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

“கால்கள் சுத்தம்” என்ற இரண்டு சொல்லை நீங்கள் கவனிக்காமல் கடந்திருப்பீர்கள். அந்தக் கடிதத்திலேயே அதிக மதிப்புள்ளது அதுதான். ரேஸ் குதிரையின் வாழ்க்கை முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது. அங்கே தசை கிடையாது, எலும்பும் நாணும் தோலும் மட்டும். 450, 500 கிலோ உடம்பு முழுப் பாய்ச்சலில் ஒரு கணம் ஒற்றை முன்னங்காலில் இறங்கும். முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் கிழிந்தால் ஒன்பது மாதம், ஒரு வருஷம் போய்விடும், திரும்பி வந்தாலும் பழைய குதிரையாக வரும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். கணு மூட்டில் எலும்புச் சில்லு உடைந்தால் துளை போட்டு எடுத்துவிடலாம், சில மாதத்தில் ஓடும். சளி இந்த வரிசையில் வருகிற சங்கதியே அல்ல.

முடிந்தால் ஒரு நாள் விடியற்காலையில் சம்மர்வெல்டுக்குப் போங்கள், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு. ஷோங்வெனிப் பக்கம், டர்பனிலிருந்து கொஞ்சம் மேட்டில் இருப்பதால் காலையில் பனிமூட்டமாக இருக்கும். குதிரையை வெளியே எடுப்பதற்கு முன், அவனைப் பராமரிக்கிற க்ரூம் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கொட்டிலுக்குள் நுழைந்ததும் அவர் முதலில் பார்ப்பது தீவனத் தொட்டியை. ராத்திரி வைத்தது மிச்சமிருந்தால் அன்றைக்கு என்னவோ சரியில்லை. பிறகு குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை முழங்காலுக்குப் பின்னாலிருந்து கணு வரை மெதுவாக இழுப்பார், ஒரு காலில், அடுத்து மறு காலில். இரண்டிலும் ஒரே சூடு இருக்க வேண்டும். ஒன்றில் இம்மி அளவு கூடுதலாக இருந்தாலும் டிரெய்னரைக் கூப்பிடுவார். ஸ்கேன் கருவி கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே அந்தக் கை கண்டுபிடித்துவிடும். உங்கள் குதிரையைப் பற்றி உலகத்தில் அதிகம் தெரிந்தவர் அவர்தான். டிரெய்னரிடம் பேசுவதோடு அவரையும் பெயர் சொல்லி விசாரித்துவிட்டு வாருங்கள். ஷேர்காரர்கள் பலர் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

அடுத்து ஊசி. ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்கான தடுப்பூசியைத்தான் சொல்கிறார். கூலிகாய்ட்ஸ் என்கிற மிகச் சிறிய கடிபூச்சி பரப்புகிற வைரஸ், ஒன்பது வகை உண்டு, பிடித்தால் பெரும்பாலும் குதிரை பிழைக்காது. கோடை முடிவிலும் மழைக்குப் பிந்தைய மாதங்களிலும்தான் பூச்சி பெருகும். அதனால் குளிர்காலத்திலோ வசந்தத் தொடக்கத்திலோ ஊசி போடுவார்கள். ஒண்டர்ஸ்டெபோர்ட்டில் தயாராகும் உயிருள்ள வைரஸ் தடுப்பூசி அது, இரண்டு குப்பி, நடுவில் குறைந்தது மூன்று வார இடைவெளி. போட்ட பிறகு கடும் உழைப்பு கூடாது. ஆக, ஊசிக்காகவே எப்படியும் சில வாரம் குதிரை சும்மா நிற்க வேண்டும். நம் க்வாசூலு-நாட்டாலில் பெரிய ரேஸ்கள் எல்லாம் மே முதல் ஜூலை முடிய நடந்து முடிந்துவிடும். சளிக்கு வேண்டிய ஓய்வையும் ஊசிக்கு வேண்டிய ஓய்வையும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார் உங்கள் ஆள். பணம் மிச்சம், நாள் மிச்சம். நான் டிரெய்னராக இருந்தாலும் இதையேதான் செய்வேன்.

ரேட்டிங் குறைந்ததை மாமா அவமானமாக எடுத்துக்கொண்டிருப்பார். அது உங்களுக்கு லாபம். நேஷனல் ஹார்ஸ்ரேசிங் அத்தாரிட்டியின் ஹேண்டிகேப்பர்கள் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு எண் கொடுக்கிறார்கள். ஹேண்டிகேப் ரேஸில் ஒரு புள்ளிக்கு அரை கிலோ என்று அந்த எண் எடையாக மாறும். 78 என்பது 74 ஆனால் அதே எதிரிகளோடு ஓடும்போது 2 கிலோ குறைவாகச் சுமப்பான். முன்பு அவனுக்கு அனுமதி இல்லாத, கீழ்த்தட்டு ரேஸ்களின் கதவும் திறக்கும். மூன்றாவதாக வந்த இரண்டு ரேஸிலும் எவ்வளவு தூரத்தில் தோற்றான் என்று பாருங்கள். ஒரு குதிரை நீளம், இரண்டு நீளம் என்றால், ஆரோக்கியமாகத் திரும்பி வரும் குதிரைக்கு 2 கிலோ சலுகை பெரிய விஷயம். உடம்பு சரியில்லாமல் ஓடியதால் கிடைத்த சலுகை என்பதால் அது தவறான வழியும் அல்ல. சளி இருந்தது கால்நடை மருத்துவர் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது.

1400 விட்டு 1600 போவது டிரெய்னரின் கணிப்பு. ஆகஸ்ட் 1ஆம் தேதியோடு உங்கள் குதிரைக்கு நாலு வயது. தென்னாப்பிரிக்காவில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் அன்றுதான் பிறந்தநாள், உண்மையில் எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் சரி. நாலு வயதில் உடம்பு முதிர்ந்து தூரம் தாங்கும். தகப்பன் குதிரையின் மற்றக் குட்டிகள் எந்தத் தூரத்தில் ஜெயித்திருக்கின்றன என்று மேனேஜரிடம் கேளுங்கள், அதுவே போதிய பதில். இதற்கு மேல் அதைத் துருவ வேண்டியதில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். மாமாவின் கோபத்துக்கு அடிப்படை அதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. அவர் இதை ஸ்டாக்வெல் மாதிரி நினைத்துவிட்டார் என்று படுகிறது. மாதா மாதம் கட்டினால் நம் முறை வரும்போது மொத்தமாகக் கைக்கு வரும் என்று. குதிரையில் முறை என்று ஒன்று கிடையாது. விளங்குவதற்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஸ்டேட்மென்ட்டில் உள்ளதை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். குதிரை ஓடுகிற மாதத்தில் டிரெய்னிங் கட்டணம் 12,000 ராண்ட், கால்நடை மருத்துவர் 1,800, லாடம் 1,100, கிரேவில்லுக்கு வண்டி 900, ஜாக்கி கட்டணமும் என்ட்ரியும் 1,700, மேனேஜருக்கு 500. மொத்தம் 18,000. உங்கள் 10 சதவீதம் 1,800, நாலு பேருக்குத் தலைக்கு 450. வருஷத்துக்கு 5,400. இனி வரவு. ஒரு ரேஸின் முதல் பரிசில் டிரெய்னர், ஜாக்கி பங்கு போக 48,000 வந்தது என்று வையுங்கள். உங்கள் ஷேருக்கு 4,800, தலைக்கு 1,200. அதாவது போட்ட காசைத் திரும்ப எடுக்கவே வருஷத்துக்கு நாலு ஐந்து வெற்றி வேண்டும். பெரும்பாலான குதிரைகள் தம் வாழ்நாளிலேயே அவ்வளவு ஜெயிப்பதில்லை.

இதை யாரும் ஷேர் விற்கும்போது சொல்வதில்லை. அதற்குப் பதிலாக கொம்மெட்டிடிங் கதையைச் சொல்வார்கள். 55,000 ராண்டுக்கு வாங்கிய குட்டி 2021இல் ‘டர்பன் ஜூலை’ என்ற பெரிய ரேஸை ஜெயித்தது. அது உண்மைதான், அன்றைக்கு நானும் கத்திக் குரல் போனவர்களில் ஒருவன். ஆனால் 1897 முதல் நடக்கிற அந்த ரேஸை வருஷத்துக்கு ஒரு குதிரைதான் ஜெயிக்க முடியும், அபூர்வமாக இரண்டு. 1967இல் சீ காட்டேஜும் ஜாலிஃபையும், 2008இல் பாக்கெட் பவரும் டான்சர்ஸ் டாட்டரும் சமமாக வந்த மாதிரி. அந்த ஆசையைக் காட்டி மாதத் தவணை கேட்பது சரியல்ல. உங்கள் நாலு பேருக்கும் இது சம்பாத்தியம் அல்ல, விரும்பிச் செய்கிற செலவு என்று நீங்கள் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் பரேட் ரிங்குக்குள் நின்று, ஜாக்கி தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்ல, நம் குதிரை நடந்து போவதைப் பார்க்கிற சந்தோஷத்துக்குத் தலைக்கு மாதம் இவ்வளவு. கட்ட முடிகிறவர் இருக்கட்டும். முடியாதவர் தன் பங்கை மற்ற மூவருக்குக் கொடுத்துவிட்டு விலகலாம். உறவு கெடாது.

அந்தச் சந்தோஷத்தை நான் லேசாகச் சொல்லவில்லை. நிறவெறி ஆட்சிக் காலத்தில் இதே கிரேவில்லில் நம் தாத்தாக்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தனி இடத்தில் நின்றுதான் ரேஸ் பார்த்தார்கள். டோட்டில் பந்தயச் சீட்டு வாங்கலாம், குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து ஜெயித்த இடத்துக்கு நடத்திப் போகிற கை வேறு யாருடையதாகவோ இருக்கும். இன்றைக்கு ரேஸ் கார்டைப் புரட்டினால் சொந்தக்காரர் வரிசையில் நாயுடு, கோவிந்தர், பிள்ளை, மூட்லி என்று பெயர்கள். தனி ஆளாக ஒரு குதிரையை வைத்துக் கட்ட முடியாதவர்கள் அந்த வரிசைக்கு வந்தது பார்ட்னர்ஷிப் வழியாகத்தான். கிளேர்வுட் ரேஸ் கோர்ஸை 2014இல் மூடினார்கள், எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த பகுதிக்குப் பக்கத்திலேயே இருந்த பச்சைத் திடல் அது. இப்போது நம் மாகாணத்தில் மிஞ்சியிருப்பது கிரேவில்லும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கின் ஸ்காட்ஸ்வில்லும்தான். இருக்கிறதையாவது ஒழுங்கான பார்ட்னர்ஷிப்புகள் தாங்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடுத்த ஸ்டேட்மென்ட்டில் ஒன்றைச் சரிபாருங்கள். குதிரை பண்ணைக்குப் போன நாளிலிருந்து டிரெய்னரின் தினசரிக் கட்டணம் நிற்க வேண்டும். பண்ணைக் கட்டணம் அதைவிட நன்றாகக் குறைவாக இருக்கும். லாடத்தைக் கழற்றிவிட்டுக் குளம்பை மட்டும் சீவுவார்கள், வண்டி கிடையாது, ஜாக்கி கிடையாது. மேலே சொன்ன உதாரணத்தில் 18,000 இருந்த இடத்தில் 7,500 ஆனாலும் ஆச்சரியமில்லை. பழைய தொகையே வந்தால் ஒரு வரி எழுதிக் கேளுங்கள், சண்டை போட வேண்டாம். கால்நடை மருத்துவரின் பில் நகலையும் ஸ்கோப் அறிக்கையையும் சேர்த்தே கேளுங்கள். கேட்டால் கோபப்படாமல் அனுப்புகிறவர் நல்ல மேனேஜர். 15 சதவீத வாட் எந்தெந்த வரியில் சேர்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள், ஒரே செலவுக்கு இரண்டு தடவை வாட் ஏறியிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் கவனக்குறைவு, சொன்னால் திருத்திவிடுவார்கள்.

மொரீஷியஸ் விலைதான் நீங்கள் உடனே முடிவு எடுக்க வேண்டியது. அங்கே ஓடுகிற குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை நம் நாட்டிலிருந்து போனவை. உங்களுடையது மாதிரி காயடித்த, நடுத்தர ரேட்டிங் உள்ள, கால் சுத்தமான நாலு வயதுக் குதிரையைத்தான் விரும்பி வாங்குவார்கள். ஆகவே விலை வந்தது கட்டுக்கதையாக இருக்க வாய்ப்பில்லை. போர்ட் லூயியில் உள்ள ஷாம் தெ மார்ஸ் 1812 முதல் ரேஸ் நடக்கிற இடம், தென் அரைக்கோளத்திலேயே பழையது. கிரேவில் மாதிரியே வலப்பக்கமாகச் சுற்றும் பாதை, ஆனால் ஒரு முழுச் சுற்றே 1300 மீட்டருக்குக் குறைவு. நெருக்கமான திருப்பங்கள், குட்டையான நேர்ப்பாதை. வேகமாகக் கிளம்பி முன்னால் உட்காருகிற, சுருக்கமாகத் திரும்பத் தெரிந்த குதிரைக்குப் பொருந்தும். பின்னாலிருந்து நீளமாகப் பாய்கிற குதிரைக்குப் பொருந்தாது. உங்கள் குதிரை எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும்.

பெண் குதிரையாக இருந்தால் கணக்கே வேறு. ஓட்டம் முடிந்தாலும் குட்டி போடுகிற மதிப்பு இருக்கும், ஒரு பெரிய ரேஸில் மூன்றாவதாக வந்தாலே விலை ஏறும். காயடித்தவனுக்கு அது இல்லை. அவன் மதிப்பு இனி அவன் ஓடப்போகிற ரேஸ்களில் மட்டும்தான். அதனால் நல்ல விலைக்குக் கொடுப்பது தவறே இல்லை.

ஆனால் இன்றைக்குக் கொடுக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். வாங்குகிறவர் எப்போதும் கால்நடை மருத்துவர் பரிசோதனைக்கு உட்பட்டே விலை சொல்வார். இப்போது ஸ்கோப் போட்டால் சளி, ரத்தம் எடுத்தால் கோளாறு. அதைக் காட்டி விலையைக் குறைப்பார், இல்லையென்றால் விலகிவிடுவார். பிறகு “பரிசோதனையில் தேறாத குதிரை” என்ற பேச்சு பரவும். ஆறு வாரம் கழித்து ஸ்கோப் சுத்தமாக இருக்கும்போது அதே குதிரைக்கு அதே விலையோ கூடவோ நிற்கும். ரேட்டிங் குறைந்த நிலையில் திரும்பி வந்து ஒரு ரேஸில் முன்னால் வந்துவிட்டால் பேரம் உங்கள் கையில். எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஓய்விலிருந்து வரும் குதிரை கால் வலியோடு வரவும் கூடும், அப்போது இந்த விலை கிடைக்காது. கால் சுத்தம், வயது நாலு என்பதால் அந்த ஆபத்தை நான் ஏற்பேன். உங்கள் கைக்குப் பணம் அவசரம் என்றால் நீங்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், அதில் தப்பில்லை.

விற்பதென்றால் ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள். அங்கே போன குதிரை பொதுவாக இங்கே திரும்பி வராது. ஓட்டம் முடிந்த பிறகு அவன் எங்கே இருப்பான், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது விற்கிறவர்களின் பொறுப்பு. இரண்டு மூன்று வருஷம் நமக்காக மூச்சு முட்ட ஓடியவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்பது நம் கடமை. இங்கேயே வைத்திருந்தாலும் கடைசியில் அதே கேள்வி வரும், அதற்குப் பார்ட்னர்ஷிப் மாதம் கொஞ்சம் ஒதுக்குகிறதா என்று கேளுங்கள். ஒதுக்கவில்லையென்றால் நீங்கள் தொடங்கி வைக்கலாம்.

கடைசியாக ஒப்பந்தம். பெட்டியிலிருந்து எடுத்துப் படியுங்கள், பலர் கையெழுத்துப் போட்ட பிறகு அதைத் திறப்பதே இல்லை. விற்பதற்கு எத்தனை சதவீதச் சம்மதம் வேண்டும்? பாதிக்கு மேலா, முக்கால் பங்கா, எல்லாருமா? மேனேஜர் தனியாக முடிவெடுக்கலாம் என்று இருந்தால், இப்போது உங்கள் கருத்தைக் கேட்டதே அவருடைய நாணயத்துக்குச் சாட்சி. விற்பனையில் அவருக்குக் கமிஷன் உண்டா, எவ்வளவு? வாங்கும்போதும் எடுத்தாரா? ஒரு ஷேர்காரர் தவணை கட்டாமல் விட்டால் பாக்கி யார் தலையில்? உங்களில் ஒருவர் விலகினால் அவர் பங்கை முதலில் யாருக்குக் காட்ட வேண்டும்? இன்னொன்று: நேஷனல் ஹார்ஸ்ரேசிங் அத்தாரிட்டி பதிவில் இந்தக் குதிரைக்கு எதிரே உங்கள் பக்கத்திலிருந்து யார் பெயர் இருக்கிறது? நாலு பேரில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், மற்ற மூவருக்கும் அவருக்கும் நடுவே ஒரு பக்கத் தாளாவது எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குள் எதற்கு என்று மாமா சொல்வார். பரிசுப் பணம் வருகிற நாளில் யாருக்கும் மனக்கசப்பு வரக் கூடாது என்பதற்காகத்தான்.

மேனேஜருக்கு இந்த வாரமே பதில் போடுங்கள், விலை கேட்டவர் காத்திருக்க மாட்டார். இப்படி எழுதலாம்: “ஓய்வுக்குச் சம்மதம். ஸ்கோப், ரத்த அறிக்கைகளின் நகல் அனுப்பவும். மொரீஷியஸ் விலையை எழுத்தில், எத்தனை நாள் செல்லும் என்ற தேதியோடு கேட்டு வாங்கவும். ஆறு வாரம் முடிந்து மறு ஸ்கோப் சுத்தமாக வந்த பிறகு முடிவு செய்யலாம் என்பது எங்கள் 10 சதவீதத்தின் கருத்து. பண்ணைக்குப் போன தேதியையும் அங்கே நாள் கட்டணம் எவ்வளவு என்பதையும் தெரிவிக்கவும்.” நாலு பேரும் பார்த்துச் சரி என்ற பிறகு அனுப்புங்கள், பெரிய மாமா உட்பட. மறு ஸ்கோப் முடிவு வந்ததும் எனக்கு அனுப்பினால் ஸ்டேட்மென்ட்டோடு சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.